மீன்வளச் செய்திகளில் வரும் சொற்கள்: தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்

மந்தைவெளி மணி:

மீன்பிடித் தடைக்காலம் நெருங்கினாலே பத்திரிகைகளில் மீன்வளக் கட்டுரைகள் வரிசை கட்டி வந்துவிடும். ஒரு கட்டுரை, பிடிப்பு குறையவில்லை, வளம் சீராகத்தான் இருக்கிறது என்கிறது. அடுத்தது, மிகைப்பிடிப்பு நடக்கிறது, மீன்பிடி இறப்பு எல்லை தாண்டிவிட்டது என்கிறது. இரண்டும் பேசுவது ஒரே வங்கக் கடலைப் பற்றி. நடுநடுவே ஸ்டாக், ரெக்ரூட்மென்ட், எம்.எஸ்.ஒய்., சி.பி.யூ.இ. என்று சொற்கள் வந்து விழுகின்றன. ஸ்டாக் என்றால் கடையில் இருக்கும் சரக்கா, கடலில் இருக்கும் மீனா என்பதே எனக்குத் தெளிவாக இல்லை.

நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்குகிறவன் என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு தகுதி கிடையாது. தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள். சண்டை போடுவதானாலும் விளக்கிவிட்டுப் போடுங்கள்.

கயல்:

மீன்வளம் படித்தவள் என்ற முறையில் ஆரம்பித்து வைக்கிறேன் சார்.

ஸ்டாக் என்பது கடலில் இருக்கும் மீன்தான். ஒரே இனமாக இருந்தால் மட்டும் போதாது. தங்களுக்குள் கலந்து இனப்பெருக்கம் செய்கிற, பக்கத்துக் கூட்டத்தோடு அதிகம் கலக்காத கூட்டத்தைத்தான் ஒரு ஸ்டாக் என்று எடுத்துக்கொள்வார்கள். வஞ்சிரத்துக்குத் தமிழ்நாடு, ஆந்திரம் என்ற எல்லை தெரியாது. ஆனால் புள்ளிவிவரம் மாநில வாரியாகத்தான் வருகிறது. முதல் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு ஸ்டாக்கின் மொத்த எடை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பதற்கு ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் 1931-இல் ஒரு எளிய சமன்பாடு சொன்னார். கூட்டுவது இரண்டு: புதிதாகப் பிடிபடும் வயதுக்கு வந்து சேரும் மீன்கள், ஏற்கெனவே இருக்கும் மீன்களின் வளர்ச்சி. கழிப்பது இரண்டு: இயற்கையாகச் சாவது, வலையில் சாவது. இன்றைக்கு மீன்வள மேலாண்மை என்ற பெயரில் நடக்கும் கணக்கு எல்லாம் இந்த நாலுக்குள் அடக்கம்.

இதில் முதலாவதுதான் ரெக்ரூட்மென்ட். புதுவரவு என்று வைத்துக்கொள்ளலாம். முட்டை பொரிந்து குஞ்சு வந்தால் அது புதுவரவு ஆகாது. லட்சக்கணக்கில் பொரிந்தாலும் பெரும்பாலானவை முதல் சில வாரங்களிலேயே வேறு எதற்காவது இரையாகிவிடும். தப்பிப் பிழைத்து, வலையில் சிக்கும் அளவுக்கு வளர்ந்து வருவதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒரே பருவத்தில் பிறந்த மீன்களைச் சேர்த்து கோஹார்ட் என்பார்கள்.

சாவுக் கணக்கில் மூன்று எழுத்துகளைப் பார்ப்பீர்கள். எம் என்றால் இயற்கை இறப்பு, எஃப் என்றால் மீன்பிடி இறப்பு, இசட் என்றால் இரண்டும் சேர்ந்தது. எஃப்பை இசட்டால் வகுத்தால் சுரண்டல் விகிதம். அது 0.5-ஐத் தாண்டினால், அதாவது சாகும் மீன்களில் பாதிக்கு மேல் நம் வலையில் சாகிறது என்றால், அளவுக்கு மீறிப் பிடிக்கிறோம் என்று 1971-இல் கல்லண்ட் ஒரு கைக்கணக்கு சொல்லிவைத்தார். உங்கள் கட்டுரையில் எல்லை தாண்டியது என்று சொன்னது அநேகமாக இதைத்தான். நெத்திலி மாதிரி, மற்ற மீன்களுக்கெல்லாம் இரையாகும் சின்ன மீன்களுக்கு 0.5 கூட அதிகம் என்ற வாதம் பின்னால் வந்தது. ஆனாலும் நம் ஊர் ஆய்வறிக்கைகளில் இன்னும் இந்த 0.5 நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது.

காசிமேட்டுக்காரன்:

தங்கச்சி சொன்னது சரி. ஆனால் பிடிப்பு குறையவில்லை என்று எழுதுகிறார்களே, அவர்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் தாத்தா கட்டுமரம், அப்பா விசைப்படகு. அப்பா காலத்தில் விடியலுக்கு முன்னால் போனால் சாயங்காலம் கரைக்கு வந்துவிடுவார்கள். கரையின் அடையாளத்தைப் பார்த்தே மீன் இருக்கும் இடத்தைக் கணக்குப் போடுவார்கள். இப்போது ஐஸ், டீசல், அரிசி எல்லாம் ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. ஜிபிஎஸ் இருக்கிறது, மீன் கூட்டத்தை ஒலியால் காட்டும் எக்கோ சவுண்டர் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது. எஞ்சின் சக்தி 240 குதிரைத் திறனைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் சீன எஞ்சின் வைத்த படகுகளால் துறைமுகத்தில் எத்தனை தகராறு நடந்தது என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவையும் செய்து அப்பா கொண்டுவந்த அதே அளவு மீனைக் கொண்டுவந்தால், பிடிப்பு குறையவில்லை என்று எழுதிவிடுவதா? அந்த மீனுக்கு நான் எரித்த டீசலை யார் கணக்கில் எடுப்பது?

கயல்:

அண்ணே, நீங்கள் கேட்டதற்குத்தான் சி.பி.யூ.இ. ஒரு அலகு முயற்சிக்கு எவ்வளவு மீன்பாடு என்று பார்ப்பது. மொத்த டன்னைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் முயற்சியை எதில் அளப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எத்தனை படகு போனது என்று எண்ணலாம், எத்தனை நாள் கடலில் இருந்தது என்று எண்ணலாம், எத்தனை மணி நேரம் இழுவை மடி, அதாவது படகு இழுத்துச் செல்லும் பை வலை, தண்ணீருக்குள் இழுபட்டது என்றும் எண்ணலாம். படகுக் கணக்கில் பார்த்தால் நன்றாகத் தெரிகிற கடல், இழுத்த மணிக்கணக்கில் பார்த்தால் இளைத்துப்போயிருக்கும். மணிக்கணக்கும் முழுசாகச் சொல்லாது. ஏனென்றால் அதே ஒரு மணி நேரத்தில் இன்றைய எஞ்சின் வாரும் பரப்பு வேறு.

இன்னொரு பொல்லாத விஷயமும் உண்டு. மீன் குறையக் குறைய, இருக்கிறவை நல்ல இடமாகப் பார்த்து நெருக்கமாகக் கூடிவிடும். சவுண்டர் வைத்திருப்பவர் நேரே அங்கே போய் வலை விடுவார். அவருக்குப் பாடு குறையாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் வளம் அப்படியே இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீனுக்கு நடந்தது இதுதான். பெரிய இழுவைக் கப்பல்களின் சி.பி.யூ.இ. நன்றாக இருந்ததால் ஸ்டாக்கைக் கூடுதலாக மதிப்பிட்டு, அதை வைத்தே பிடிப்பு அளவையும் நிர்ணயித்தார்கள். கரையோரத்துச் சின்னப் படகுக்காரர்கள் மீன் இல்லை, மீனும் சிறுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1992-இல் மொத்தமாக மூடினார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. வணிக மீன்பிடியைத் திரும்பத் திறந்தது 2024-இல்தான், அதுவும் சின்ன ஒதுக்கீட்டோடு.

ஆகவே மணி சார், பிடிப்பு குறையவில்லை என்ற வரியைப் படித்தால் அடுத்த வரியில் முயற்சியைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கட்டுரைக்கு மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

வடபழனி வெங்கி:

நடுவில் புகுந்து கேட்கிறேன். எம்.எஸ்.ஒய். என்று ஒரு எண் இருக்கிறதாமே, அதைக் கண்டுபிடித்து அவ்வளவுதான் பிடிக்கலாம் என்று சட்டம் போட்டால் முடிந்தது. ஏன் இத்தனை தலைவலி?

கயல்:

அவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

எம்.எஸ்.ஒய். என்பது நீடித்த உச்ச விளைச்சல். வருஷா வருஷம் எடுத்துக்கொண்டே இருந்தாலும் ஸ்டாக் குறையாத அளவுகளில் மிக அதிகமானது. யாருமே பிடிக்காத கடலில் மீன் நிறைந்து கிடக்கும். இரைக்கும் இடத்துக்கும் போட்டி, அதனால் கூடுதல் வளர்ச்சி ஏறக்குறைய இருக்காது. மீன் மிகக் குறைவாக இருந்தால் பெருகுவதற்கே ஆள் இருக்காது. நடுவில் எங்கோ பெருக்கம் உச்சத்தில் இருக்கும். 1954-இல் ஷேஃபர் போட்ட மாதிரியின்படி, அந்த இடம் பிடிக்கப்படாத நிலையின் சரிபாதி.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் நம் கடலில் ஒரு மடியை இழுத்துக் கொட்டினால் எத்தனை இனம் விழும் என்று காசிமேட்டு அண்ணனைக் கேளுங்கள். சங்கராவுக்கு ஒரு எம்.எஸ்.ஒய்., இறாலுக்கு ஒன்று, கத்தாழைக்கு ஒன்று. ஒரே வலையில் ஒரே நேரத்தில் மூன்றுக்கும் சரியாகப் பிடிக்க வழி கிடையாது. வேகமாகப் பெருகும் இறாலுக்குத் தாங்குகிற முயற்சியில், மெதுவாகப் பெருகும் சுறாவும் திருக்கையும் காலியாகிவிடும். 1977-இலேயே லார்க்கின் என்ற கனடாக்காரர் எம்.எஸ்.ஒய்.க்குக் கல்லறை வாசகம் எழுதிவிட்டார். அது செத்தபாடில்லை. 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் கடலின் குணம். கேரளத்தில் 2012-இல் பேய்ச்சாளை, அதாவது அவர்களுடைய மத்தி, ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-இல் மூவாயிரத்துச் சொச்சம் டன்தான். நடுவில் எல் நினோ வந்தது, கடல் சூடானது, புதுவரவு பொய்த்தது. இளம் மத்தியை அள்ளியதும் சேர்ந்துகொண்டது. ஒரு நிலையான எண்ணைச் சுவரில் எழுதி வைத்து இப்படிப்பட்ட மீனை நிர்வகிக்க முடியாது.

திருவான்மியூர் தூண்டில்:

எல்லாம் சரி. தடைக்காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று அரசு சொல்கிறது. ஆனால் நவம்பரில் வாங்கிய கானாங்கெளுத்தியிலும் சினை இருக்கிறது, பிப்ரவரியில் வாங்கிய சங்கராவிலும் சினை இருக்கிறது. அப்படியென்றால் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை என்று குறித்தது எந்தக் கணக்கு?

காசிமேட்டுக்காரன்:

நியாயமான கேள்வி. எங்களுக்கும் அது உண்டு. தமிழ்நாட்டில் 2001-இல் தொடங்கியபோது 45 நாள். 2017-இலிருந்து 61 நாள். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த 61 நாளுக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடித்து, வலையைச் சரிபார்த்து இறக்குவதற்கு ஓர் உரிமையாளருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது எந்த மூலைக்கு? படகில் வேலைக்குப் போகிறவன் வீட்டுக்கும் அதே தொகைதான். நாங்கள் கட்டிப்போட்டிருக்கும் நேரத்தில் வெளிமாநில லாரியில் வரும் மீனை ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுப்பவர்களும் உண்டு.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. தடை முடிந்து முதல் பயணம் போய் வரும் படகுகளில் பாடு நன்றாகத்தான் இருக்கும். முக்கியமாக இறால். அது சில வாரங்கள்தான் நிற்கும் என்பது வேறு கதை.

கயல்:

தூண்டில் சார் கவனித்தது உண்மை. குளிர்க் கடலில் பல இனங்கள் ஒரு குறிப்பிட்ட பருவத்தில் ஒருசேர முட்டையிடும். நம்மைப் போன்ற வெப்பமண்டலக் கடலில் பல மீன்கள் மாதக் கணக்கில், தவணை தவணையாக முட்டையிடும். இனத்துக்கு இனம் உச்சம் வேறு. 61 நாளில் எல்லாவற்றின் சினைக்காலமும் அடங்கிவிடாது.

என் பார்வையில் தடைக்காலத்தின் பெரிய பலன் வேறு இடத்தில் இருக்கிறது. விசைப்படகுகளின் முயற்சியில் வருஷத்துக்கு ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அந்த இரண்டு மாதத்தில் கடலடி கிளறப்படாமல் இருக்கிறது, குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்துகொள்கின்றன. இதைச் சொல்லி ஒரு தடையை விற்பது கஷ்டம். மீன் முட்டையிடும் காலம் என்றால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

மேலாண்மை மொழியில் இதற்கு உள்ளீட்டுக் கட்டுப்பாடு என்று பெயர். எத்தனை படகு, என்ன வலை, எந்த நாள், எந்த இடம் என்று முயற்சியின் பக்கம் கைவைப்பது. சுருக்குமடியை, அதாவது மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் வலையை, எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2000-இல் தடை செய்தார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அனுமதித்தது. இடம், நாள், நேரம் என்று மூன்று பூட்டு. கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், ஆக அது கரையிலிருந்து 22 கிலோமீட்டர் சொச்சம். இன்னொரு வகை வெளியீட்டுக் கட்டுப்பாடு: இவ்வளவு டன்தான் என்று ஒதுக்கீடு. நார்வே, ஐஸ்லாந்தில் நடக்கிறது. நூற்றுக்கணக்கான இனம், ஆயிரக்கணக்கான படகு, எண்ணற்ற இறங்குதளம் உள்ள இந்தியாவில் அதை யார் நின்று நிறுத்துப் பார்ப்பது?

மந்தைவெளி மணி:

பிரமாதம். அந்தக் கட்டுரைகளில் வளர்ச்சி மிகைப்பிடிப்பு என்றும் ஒரு சொல் வந்தது, அது மட்டும் இன்னும் பாக்கி. வளர்ச்சி எப்படி மிகையாகும்?

கயல்:

மிகைப்பிடிப்பில் இரண்டு வகை சொல்வார்கள் சார். வளர விட்டால் கூடுதல் எடை தரக்கூடிய மீனைச் சின்னதிலேயே பிடித்துவிடுவது முதல் வகை, அதுதான் வளர்ச்சி மிகைப்பிடிப்பு. பிஞ்சிலேயே கத்தரிக்காயைப் பறித்துவிடுகிற கதை. செடி சாகாது, விளைச்சல்தான் நஷ்டம். தாய் மீன்களையே குறைத்து, அடுத்த தலைமுறை வருவதற்கே வழியில்லாமல் செய்வது இரண்டாவது. அது புதுவரவு மிகைப்பிடிப்பு. அந்த நிலைக்குப் போன ஸ்டாக் திரும்புவது நிச்சயமில்லை.

முதலாவதின் நஷ்டம் எவ்வளவு என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். மீனின் எடை கிட்டத்தட்ட நீளத்தின் மும்மடிக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்பக் கூடும். 30 செ.மீ. வஞ்சிரமும் 60 செ.மீ. வஞ்சிரமும் இரண்டு மடங்கு வித்தியாசம் மாதிரித்தான் கண்ணுக்குத் தெரியும். எடையில் எட்டு மடங்கு. இடையில் இயற்கையாகச் சாவது போகக் கணக்குப் போட்டாலும் காத்திருப்பதில்தான் லாபம். வஞ்சிரம் முதல் முறை முதிர்ச்சி அடைவது ஏறக்குறைய 70 செ.மீ. நீளத்தில். முழுசாகத் தட்டில் வைத்துப் பொரித்துத் தரும் குட்டி வஞ்சிரம் ஒரு தடவை கூட முட்டையிட்டிருக்காது.

முட்டைக் கணக்கும் அப்படித்தான். மீனுக்கு எத்தனை முட்டை என்பதைக் கருவளம் என்பார்கள். பெரிய தாய் ஒன்று இடும் முட்டை, அதே மொத்த எடையுள்ள சின்னத் தாய்களின் முட்டையைவிடப் பல இனங்களில் அதிகம். ஆகவே பெரிய மீனை மட்டும் பிடித்தால் பாவம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

திருவான்மியூர் தூண்டில்:

எனக்கு ஒன்று தோன்றுகிறது. சின்ன மீனைப் பிடிக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் நெத்திலியையும் காரப்பொடியையும் விட்டுவிடச் சொல்வார்களோ? மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கயல்:

நெத்திலியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அது பிறவியிலேயே சின்னது, சில மாதங்களில் முதிர்ந்துவிடும், ஆயுளும் ஏறக்குறைய ஒரு வருஷம்தான். சின்ன மீன் வேறு, குஞ்சு மீன் வேறு. ஆய்வுக் கட்டுரைகளில் கே என்று ஒரு எழுத்து வரும். உச்ச நீளத்தை ஒரு மீன் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதைக் காட்டுவது. நெத்திலிக்கு அது பெரிய எண், சுறாவுக்கு மிகச் சிறியது. கே பெரிதாக உள்ள மீன் அடியைத் தாங்கும், சீக்கிரம் எழுந்துவிடும். சுறா பல வருஷம் கழித்துத்தான் முதிரும், அப்புறமும் சில குட்டிகள்தான். பால்சுறாப் புட்டு சாப்பிடுகிறவர்களிடம் இதைச் சொல்லி எனக்கு வீட்டிலேயே கெட்ட பெயர்.

எழும்பூர் எலி:

மீனுக்கு வயது எப்படித் தெரியும்? ஆதார் அட்டையா இருக்கிறது?

கயல்:

கிட்டத்தட்ட இருக்கிறது, தலைக்குள். அடுத்த முறை கத்தாழை வாங்கினால் தலையைத் தூக்கிப் போடாதீர்கள். குழம்பில் வெந்த பிறகு மண்டையோட்டைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக இரண்டு கல் கிடைக்கும். பெரிய மீனென்றால் பட்டாணியைவிடப் பெரிதாகவே இருக்கும்.  ஒரு பக்கத்தில் தலையும் வாலுமாகத் தலைப்பிரட்டை வடிவில் ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தே இது கத்தாழைக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். ஓட்டோலித் என்பது இதுதான். செவிக்கல். எலும்புள்ள மீன்களுக்கு மூன்று ஜோடி உண்டு, நம் கையில் கிடைப்பது பெரிய ஜோடி. மீன் நிமிர்ந்து நீந்தவும் ஒலி கேட்கவும் உதவுவது.

சுண்ணாம்புச் சத்து நாள்தோறும் படிந்து படிந்து அது வளர்கிறது. மெல்லியதாக இழைத்து நுண்ணோக்கியில் வைத்தால் வளையங்கள் தெரியும். குளிர் நாட்டு மீனில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வளர்ச்சி மாறுவதால் ஆண்டு வளையம் பளிச்சென்று இருக்கும். நம் ஊரில் வருஷம் முழுக்க வெயில். ஆண்டு வளையம் மங்கல். நாள் வளையத்தை எண்ணலாம், 1971-இல் பன்னெல்லா என்பவர் காட்டிய வழி. ஆனால் ஆளுக்குக் கண் போய்விடும்.

அதனால் இங்கே நீளத்தை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் இறங்குதளங்களில் மீனை அளந்து குறித்துக்கொள்வது இதற்குத்தான். மாதா மாதம் அளந்தால், ஒரு மாதம் 12 செ.மீ. பக்கம் குவிந்திருந்த கூட்டம் அடுத்தடுத்த மாதங்களில் தள்ளித் தள்ளிக் குவிவது வரைபடத்தில் தெரியும். அந்த நகர்விலிருந்து வளர்ச்சி வேகம், அதிலிருந்து வயது, வயதிலிருந்து இறப்பு விகிதம்.

காசிமேட்டுக்காரன்:

அவர்கள் அளப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அளப்பது கரைக்கு வந்த மீனை. கடலிலேயே தள்ளிவிட்டு வந்ததை யாரும் அளப்பதில்லை.

கயல்:

முக்கியமான வேறுபாடு அண்ணே. வலையில் சிக்கியதெல்லாம் பிடிப்பு. கரையில் இறங்கியது மட்டும் இறக்கம். புள்ளிவிவரத்தில் நாம் படிப்பது பெரும்பாலும் இறக்கம். குறிவைக்காமல் சிக்கியது துணைப்பிடிப்பு. அதில் திரும்பக் கடலில் கொட்டியது கழிப்பு.

காசிமேட்டுக்காரன்:

இப்போது கொட்டுவதும் குறைந்துவிட்டது. முன்னால் கழசல் என்று ஒதுக்கிக் கடலில் தள்ளியதை இன்றைக்குப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிறார்கள். கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகிறது. விலை உண்டு என்று ஆனபிறகு எவன் விடுவான்? அந்தக் கழசல் பெட்டியில் கையை விட்டுப் பாருங்கள். விரல் நீளச் சங்கராக் குஞ்சு, வாளைக் குஞ்சு, நண்டுக் குஞ்சு, கடம்பாக் குஞ்சு. மடியின் கடைசிப் பையில் 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி போட வேண்டும் என்று விதி. சதுரக் கண்ணி இழுக்கும்போது மூடிக்கொள்ளாது, குஞ்சு தப்பிக்கும். போட்டிருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் நாளைக்கும் அதே துறைமுகத்தில்தான் நிற்க வேண்டும்.

வடபழனி வெங்கி:

2025 ஜனவரியில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, அதுவும் இந்தத் துணைப்பிடிப்புதானா?

கயல்:

பெரும்பாலும் ஆமாம். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலம் அது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடுவது. அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கும் மடிக்குள் மாட்டினால் மூச்சுத் திணறிச் சாகும். செவுள் வலையில் சுற்றிக்கொண்டும் சாகும். இதைத் தடுக்க ஒரு சாதனம் உண்டு: வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், மேலே ஒரு திறப்பு. இறால் கம்பிக்கு நடுவே பின்னால் போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டி வெளியே போய்விடும். டெட் என்று செய்திகளில் வந்தது அந்தச் சாதனம். ஒரு பங்கு மீனும் அந்த வழியே போய்விடும் என்பதுதான் படகுக்காரர்களின் மனக்குறை. அறுந்து போய்க் கடலில் மிதந்தபடியே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும் வலைக்கு ஆவி வலை என்று பெயர்.

பழவை:

பழவேற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ஒதுக்கீடு, உரிமை என்றெல்லாம் நார்வே வரைக்கும் போனீர்கள். சென்னையிலிருந்து வண்டி ஏறினால் எங்கள் ஊரிலேயே பார்க்கலாம். ஏரி முகத்துவாரத்தை ஒட்டி இறால் பிடிக்கிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் போனால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால் சில குப்பங்கள் தலைமுறைகளாகப் பாடு முறை வைத்திருக்கின்றன. சீட்டுக் குலுக்கி, இந்த இடம் இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று சுழற்சி. நல்ல இடமும் மட்டமான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும். மீறினால் ஊர்க் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

இதில் யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்பதில் ஊருக்குள்ளேயே மனத்தாங்கல் இருக்கிறது. சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முயற்சியைக் கட்டுப்படுத்த எங்களுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது.

இன்னொன்று. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். மணல் அடைத்து முகத்துவாரம் மூடிக்கொண்டால் ஏரிக்கும் இறால் இல்லை, பின்னால் கடலுக்கும் இல்லை. கயல் சொன்ன புதுவரவில் பாதி எங்கள் ஊர் மண்வெட்டியில் இருக்கிறது. அடையாற்றுக்கும் இதே கதைதான்.

எழும்பூர் எலி:

ஒரு சந்தேகம், கேலி இல்லை. களவா மீன் பெண்ணாக இருந்து ஆணாக மாறும் என்கிறார்களே, வாட்ஸ்அப் கதையா?

கயல்:

உண்மைதான். களவா முதலில் பெண், பிறகு ஆண். கொடுவா அதற்கு நேர்மாறு, முதலில் ஆண், வளர்ந்ததும் பெண். மேலாண்மைக்கு இது பெரிய விஷயம்: பெரிய களவாவாகப் பார்த்துப் பிடித்தால் ஆண் தீரும், பெரிய கொடுவாவாகப் பிடித்தால் பெண் தீரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையத்தில் 1997-இலேயே கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து காட்டினார்கள். அங்கே பொறுமை காக்க வேண்டியதே இந்த மாற்றத்துக்காகத்தான்.

திருவான்மியூர் தூண்டில்:

கடைசியாக ஒன்று. கேரளத்தில் மத்திக்கு 10 செ.மீ., அயலைக்கு 14 செ.மீ. என்று குறைந்தபட்ச நீளம் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே பிடிக்கக் கூடாது. அயலை நம் கானாங்கெளுத்திதானே? சந்தையில் நானே அளந்து பார்க்க வேண்டும் என்றால் எங்கிருந்து எங்கே அளப்பது?

கயல்:

கானாங்கெளுத்தியேதான். வாயை மூடி மூக்கு நுனியிலிருந்து, வாலின் இரண்டு இதழையும் சேர்த்து அமுக்கிய கடைசி வரை அளந்தால் மொத்த நீளம். கேரளத்தின் மத்தி, அயலைக் கணக்கு அதுதான். வஞ்சிரம், சூரை மாதிரி வால் கவட்டையாகப் பிரிந்து விறைப்பாக இருக்கும் மீனுக்கு, கவட்டையின் நடுப்பள்ளம் வரைக்கும் அளப்பது வழக்கம். வாலையே விட்டுவிட்டுச் சதை முடியும் இடம் வரை அளப்பது மூன்றாவது வகை, அது அருங்காட்சியகத்து ஆட்களுக்கு. மீனைப் பலகையில் படுக்க வைத்து நேர்கோட்டில் அளக்க வேண்டும், உடம்பின் வளைவோடு டேப்பை ஓட்டக் கூடாது. இன்னொன்று, அந்த 10 செ.மீ. என்பது மத்தி முதிர்ச்சி அடையும் நீளத்தைவிடக் குறைவு. மீனவர்களுக்கும் கட்டுப்படியாகிற மாதிரி வைத்த எல்லை அது.

காசிமேட்டுக்காரன்:

அளப்பதானால் வெட்டுகிற அக்காவிடம் கொடுப்பதற்கு முன்னாலேயே அளந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஸ்கேலோடு வந்து நிற்காதீர்கள், வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.